யார் சொல்லிப் பிடித்தீர்கள்?

ஆஸ்டினுக்கு வடக்கே, ரவுண்ட் ராக்கைத் தாண்டி ஒரு சின்ன நகரத்தில் குடியிருக்கிறோம். அந்த ஆண்டு பெய்த ஆலங்கட்டி மழையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கூரை பெயர்ந்துபோனது. சரிசெய்ய வந்தவர் ஒரு மெக்சிகோக்காரர். வெயில் ஏறுமுன் கூரையில் ஏறி, மூன்றே நாளில் என் வீட்டை முடித்தார். அடுத்து எதிர்வீட்டு அங்கிளின் வீடு. அங்கிள் கோயம்புத்தூர்க்காரர், குடியுரிமை வாங்கிப் பல வருடங்கள் ஆனவர். அதை அவரே வாரம் ஒருமுறையாவது நமக்கு நினைவூட்டுவார்.

அங்கிள் வீட்டு வேலை பாதியில் இருந்தபோது ஒரு நாள் கூரைக்காரர் வரவில்லை. மத்தியானம் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். காலையில் எங்கள் தெருமுனையிலேயே நகரப் போலீஸ் அவருடைய டிரக்கை நிறுத்தியிருக்கிறது. பிரேக் லைட் எரியவில்லையாம். லைசென்ஸ் கேட்டிருக்கிறார்கள். குடியேற்றப் பேப்பர் இல்லாதவருக்கு டெக்சாஸில் லைசென்ஸ் ஏது? அபராத டிக்கெட் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். கைது செய்து கவுண்டி ஜெயிலில் விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் அங்கிருந்து குடியேற்ற அதிகாரிகள் அவரைக் கொண்டுபோனார்கள்.

அவர் மனைவியோடு நான் அலைந்தேன். "நாங்கள் லைட்டுக்காகத்தான் நிறுத்தினோம்" என்றது போலீஸ். "பிடித்துவைக்கச் சொன்னார்கள், வைத்தோம்" என்றது ஜெயில். மத்திய அரசின் எண்ணில் ஒரு பதிவு செய்த குரல், நம் அழைப்பு மிக முக்கியமானது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு மனிதனைப் பிடித்து ஒப்படைத்தார்கள். ஆனால் பிடித்தவர் ஒருவரும் இல்லை.

அந்த மாத நகரசபைக் கூட்டத்தில் சிலர் ஒரு கோரிக்கை வைத்தார்கள். லைசென்ஸ் இல்லை என்பதற்காக மட்டும் யாரையும் கைது செய்யாமல், டிக்கெட் கொடுத்து அனுப்பும்படி போலீசுக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கூரைக்காரரின் மனைவி என்னையும் பேசக் கூப்பிட்டார். நான் பெயர் கொடுத்தேன். வீட்டில் மனைவி வெடித்தாள்.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? எச்-ஒன்-பி விசா எக்ஸ்டென்ஷன் ஃபைல் பண்ணி ரெண்டு மாசம்தான் ஆகுது. மைக்ல போய் நின்னு பேரு, அட்ரஸ் எல்லாம் சொல்லப் போறீங்களா?"

"மூணு நிமிஷம்தான்."

"நம்மள அனுப்புறதுக்கு அதுல பாதி போதும்."

இருந்தும் போனேன். நகரசபையின் வக்கீல் முதலில் அரசியல் சாசனம் விளக்கினார். குடியேற்றம் மத்திய அரசின் விஷயமாம். ஆனாலும் மத்திய அரசு உள்ளூர்ப் போலீசுக்கு உத்தரவு போட முடியாதாம். ஆனால் ஒத்துழைக்கச் சொல்லி மாநிலமே சட்டம் போட்டிருப்பதால் நகரசபையால் மறுக்க முடியாதாம். வாஷிங்டன் ஒரு புதுவரி விதித்தால் "எங்கள் ஊர், எங்கள் உரிமை" என்று மேஜையைத் தட்டும் உறுப்பினர்கள், தங்கள் கை கட்டப்பட்டிருப்பதைக் கேட்டு நிம்மதியாகத் தலையாட்டினார்கள். இவ்வளவு ஆசையோடு யாரும் கட்டுக்குக் கை நீட்டி நான் பார்த்ததில்லை.

பிறகு அங்கிள் மைக்குக்குப் போனார். கோட் போட்டிருந்தார். தான் வரிசையில் நின்று முறையாக வந்தவன் என்றும், சட்டம் என்றால் சட்டம்தான் என்றும் ஆங்கிலத்தில் முழங்கினார். கைதட்டினார்கள். தன் வீட்டுக் கூரையில் பாதியைப் போட்டவர் யார் என்று அவர் சொல்லவில்லை.

அடுத்து கூரைக்காரரின் மனைவி. எழுதிக்கொண்டு வந்த காகிதத்தைப் பிரிக்கவே இல்லை.

"எனக்குச் சட்டம் தெரியாது. ஒரு கேள்வி மட்டும். யார் சொல்லிப் பிடித்தீர்கள்? போலீசைக் கேட்டால் ஜெயிலைக் காட்டுகிறது. ஜெயில் வாஷிங்டனைக் காட்டுகிறது. வாஷிங்டன் போனை எடுப்பதில்லை. நான் யாரிடம் கேட்கட்டும்?"

மேயர் அவரைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்றார். அது கருத்தல்ல, கேள்வி என்பதுகூட அந்த மேடையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அடுத்து என் பெயரை வாசித்தார்கள். எழுந்தேன். "சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார்" என்று முனகிவிட்டு உட்கார்ந்தேன். மேடையில் இருந்தவர்களைக் கோழைகள் என்று அதுவரை மனதில் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

கார் நிறுத்துமிடத்தில் அங்கிள் என் தோளைத் தட்டினார்.

"நல்லவேளை தம்பி, நீங்க பேசல. நமக்கெதுக்குங்க இந்தப் பொல்லாப்பு? அது கிடக்கட்டும், கூரை பாதியில நிக்குது. வேற ஆள் யாராச்சும் தெரியுமா? கொஞ்சம் அனுசரிச்சுச் செய்யறவனா இருந்தா நல்லது."

முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். போனில் தேடி ஒரு நம்பரை அனுப்பினேன்.

நகரசபை, விஷயத்தை ஆராய ஒரு குழு அமைத்தது. குழு இரண்டு முறை கூடி, இது தங்கள் அதிகாரத்தில் இல்லை என்று கண்டுபிடித்தது. அதற்குள் கூரைக்காரரை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டார்கள்.

அவர் மனைவி சான் அன்டோனியோவிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போக முடிவு செய்தார். ஒரு சனிக்கிழமை சாமான்களை ஏற்ற உதவினேன். கடைசிப் பெட்டியை வைத்ததும், "உன் விசா பேப்பர் வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

வந்துவிட்டது என்றேன்.

"நல்லது, ரொம்ப நல்லது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதில் குத்தலே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.