மூன்று தலைகள் சுமந்த டைப்ரைட்டர்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம். திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். வெங்காய மூட்டையோடு வழுக்கி விழுந்ததில் இடுப்பு போய், வீட்டோடு இருந்தார். அம்மா கீரை விற்றுத்தான் அடுப்பு எரிந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்துவிட்டு, மேலே என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். டைப்ரைட்டிங் தெரிந்தால் ஆபீஸ் வேலை கிடைக்கும் என்றார்கள். இன்ஸ்டிட்யூட்டில் சேர எங்களுக்கு ஏது வழி?

எங்கள் பகுதியில் ஒரு மாதா கோயிலும் பள்ளிவாசலும் பஜனை மடமும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. மூன்றிலும் ஏழைகளுக்கு அரிசி கொடுப்பார்கள். அரிசி இன்றைக்கு வயிற்றை நிரப்பும், பிள்ளைகளின் நாளைக்கு என்ன வழி என்று மூன்று இடத்துப் பெரியவர்களும் ஒருநாள் கூடிப் பேசினார்களாம். மாதா கோயில் தன் ஹாலைத் திறந்துவிட்டது. பஜனை மடத்திலிருந்து மேஜையும் பெஞ்சும் வந்தன. பள்ளிவாசல் ஜமாத் ஏதோ ஆபீஸ் ஏலத்தில் ஒரு பழைய டைப்ரைட்டரை எடுத்துக் கொடுத்தது. ரயில்வேயில் டைப்பிஸ்டாக இருந்த ஒரு கிறிஸ்தவ அக்கா சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுத்தார். ஒரே மெஷின், அதன் முன்னால் முறைபோட்டுப் பத்துப் பிள்ளைகள்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. உழைத்துச் சாப்பிட்டவர். சும்மா கிடைப்பதை வாங்கினால் தலை குனிய வேண்டும் என்பார். அம்மாதான் பிடிவாதமாக என்னை அனுப்பினாள்.

அந்த வருஷம் முதன்முதலாகப் பரீட்சைக்குப் போனது நான் ஒருத்திதான். ஒரு மெஷினை வைத்துக்கொண்டு மூன்று சாமிகளும் என்ன கிழித்துவிடப் போகிறார்கள் என்று வெளியில் கேலி பேசியவர்கள் இருந்தார்கள். நான் தேறாவிட்டால் வகுப்பையே மூடிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

அந்தக் காலத்தில் பரீட்சைக்கு மெஷினையும் நாமே கொண்டுபோக வேண்டும். பரீட்சை நடந்த பள்ளிக்கூடம் புத்தூரில் இருந்தது. குதிரை வண்டி பேசி, மெஷினை ஜமுக்காளத்தில் சுற்றி ஏற்றினார்கள். வழியனுப்ப வந்த மூன்று பெரியவர்களும் துணைக்குக் கிளம்பிவிட்டார்கள். மாதா கோயில் ஃபாதர், நெட்டையாக வெள்ளை அங்கியில். பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்த்த முத்தவல்லி பாய், தோல் மண்டிக்காரர். பஜனை மடத்துப் பாகவதர், ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர், நெற்றி நிறையத் திருமண். அப்பாவும் என்ன நினைத்தாரோ, கோலை ஊன்றிக்கொண்டு வந்து ஏறினார்.

பாலக்கரை தாண்டியதும் வண்டிச் சக்கரம் கழன்றுகொண்டது. வண்டி சாய்ந்தபோது பாய் மெஷினை மடியோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் முழங்கை சிராய்த்துவிட்டது. முகூர்த்த நாள். வேறு வண்டி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா குனிந்து மெஷினைத் தூக்கப் போனார். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க பொண்ணுகூட நடந்து வாங்கண்ணே. சுமை எங்களது."

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சும்மாடாகச் சுருட்டி, முதலில் தூக்க முன்வந்த ஃபாதரின் தலையில் தன் கையாலேயே வைத்தார். அப்போது அப்பாவின் கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்தேன்.

ஃபாதர் தலையிலிருந்து பாய் தலைக்கு, பாய் தலையிலிருந்து பாகவதர் தலைக்கு என்று மெஷின் மாறி மாறிப் போனது. கடைக்காரர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். பாகவதர் மூச்சு வாங்கிக்கொண்டே பெருமாளைக் கூப்பிட்டார். பாதி வழி போன பிறகுதான் எனக்கு உறைத்தது: அது ரம்ஜான் மாதம். பாய் நோன்பில் இருந்தார்.

கேட்டைச் சாத்தப் போன வாட்ச்மேன், தலையில் டைப்ரைட்டரோடு ஓடிவந்த ஃபாதரைப் பார்த்துத் திகைத்துப்போய் வழிவிட்டார். என் மேஜையில் மெஷினை இறக்கிவைத்துவிட்டு, "பயப்படாம அடிம்மா" என்று மட்டும் சொல்லி ஃபாதர் வெளியே போனார். முதல் இரண்டு வரிகளில் வேகம் வரவில்லை. அப்புறம் எப்படியோ சீராகிவிட்டது.

முடித்து வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் நால்வரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச்மேன் கொண்டுவந்து வைத்த தண்ணீர்ச் செம்பு நடுவில் நிரம்ப இருந்தது. எல்லோருக்கும் உதடு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பாய் முறையிட ஆரம்பித்தார்.

"பாரும்மா இந்த அநியாயத்தை. நோன்பு எனக்கு. தண்ணி குடிக்காம உட்கார்ந்திருக்கிறது இவங்க."

பாகவதர் விடவில்லை. "பக்கத்துல ஒருத்தர் காஞ்சு கிடக்கறச்சே எனக்கு எப்படிய்யா தொண்டையில இறங்கும்?"

ஃபாதர் சிரித்தார். அப்பா செம்பை எடுத்து என்னிடம் நீட்டி, "நீ குடி" என்றார். எனக்கு மட்டும் எப்படி இறங்கும்? பாய் அதட்டிய பிறகுதான் இரண்டு வாய் குடித்தேன். மீதி அப்படியே இருந்தது. அன்று நோன்பு திறக்கும் நேரத்தில் எங்கள் எல்லோரையும் பள்ளிவாசல் வாசலில் உட்காரவைத்துப் பாய் கஞ்சி ஊற்றினார். பாகவதர் மட்டும் தன் ஆசாரப்படி பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டார். அதையும், பாய் முதலில் தன் வாயில் ஒன்றைப் போடும்வரை கையில் வைத்துக்கொண்டு காத்திருந்துதான் தின்றார்.

நான் பாஸ் செய்தேன். ஒரு சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. வகுப்பை யாரும் மூடவில்லை. மெஷின்கள் கூடின, பிள்ளைகள் கூடினார்கள். ஆபீஸ் விட்டு வந்து நானும் அங்கே சொல்லிக்கொடுத்தேன். சும்மா வாங்கினால் தலை குனியும் என்ற அப்பா, யாரும் கேட்காமலே தினமும் போய் ஹாலைப் பெருக்கித் திறந்துவைத்து, பிள்ளைகள் வரும்வரை வாசலில் காத்திருப்பார்.

அந்தப் பெரியவர்களில் யாரும் இப்போது இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் தங்கள் மதத்துக்கு அழைத்தோ, சாமியைப் பற்றி வாதாடியோ நான் கேட்டதில்லை. பக்தி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, யாரோ பெற்ற பெண் நன்றாக எழுத வேண்டுமே என்று நாக்கு வறண்டு காத்திருந்த அந்த முகங்கள்தான்.