தொடாமல் சுற்றுவது

யாழ்ப்பாணத்தில் பத்திநாதன் கழற்றிப் பார்க்காத தையல் மெசின் மோட்டார் இல்லை. உள்ளே உரசி உரசி மின்சாரம் கொடுக்கிற கரித்துண்டு தேய்ந்திருக்கும். அதை மாற்றினால் ஓடும். அந்தத் திமிரோடுதான் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் தொழிற்சாலையில், மெசினைக் குளிர்விக்கும் சின்ன விசிறியைத் திறந்தார். கரியைக் காணவில்லை.

"பர்ஸ்டலோஸ்," என்றான் போர்மன் யென்ஸ்.

டேனிஷில் பர்ஸ்ட என்றால் அந்தக் கரி. லோஸ் என்றால் கழன்றது. ஆணி லோஸ், பட்டி லோஸ் என்று நாள் முழுக்கக் கேட்கிற சொல்தானே! கழன்ற கரியைத் தேடி மேசைக்குக் கீழே நுழைந்தார் பத்திநாதன்.

யென்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஆர்பைட்ஸ்லோஸ் எண்டால் வேலை இல்லாதவன். அதுமாதிரி, இதுக்குக் கரியே இல்லை. கம்பிச்சுருள் அசையாது, காந்தம்தான் சுத்தும். காந்தம் நிக்கிற இடத்தை ஒரு குட்டி எலெக்ட்ரோனிக் சிப் பார்த்து, சுருளுகளுக்கு மாறி மாறி மின்சாரம் விடும். ஒண்டையொண்டு தொடாததால தேயாது. கம்பியூட்டர் விசிறியிலயும் இதுதான்."

பிறகு தோளில் தட்டினான். "அப்ப நீ கோனலோஸ். மனுசி இல்லாதவன்!"

பத்திநாதனின் மனைவி மேரிகிறேஸ் கொழும்பில் காத்திருந்தார். பத்திநாதனைப் போன்ற அகதிகள் குடும்பத்தைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பங்களை டென்மார்க் அமைச்சில் ஒருவரும் அசைக்கவில்லை. பத்திநாதனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆர் இல்லாதவன்? மனுசி கொழும்பில இருக்கிறா. தொடேலாது, ஆனால் சுத்திக்கொண்டுதான் இருக்கிறம்," என்றார். "நாங்கள் பர்ஸ்டலோஸ்!"