ரீசைக்கிள் பின்னில் இருந்த குரல்

காக்களூர்ல எங்க கம்பெனி ஸ்டோர்ஸ் அண்ணன், ரிட்டயர் ஆகப்போறவரு, காலைல கூப்பிட்டாரு. "சிஸ்டம் ரொம்ப ஸ்லோப்பா. இன்னான்னு பாரேன்."

கம்ப்யூட்டர் பாக்கறதுதான் என் வேலை. எப்பவும்போல முதல்ல ரீசைக்கிள் பின்னைக் காலி பண்ணேன்.

டீ வாங்கிக்கினு வந்தவரு, ஸ்க்ரீன்ல பின் காலியா கெடக்கறதைப் பாத்து, டீயை மேஜைல வச்சாரு.

"செத்துப்போன எங்க ஊட்டுக்காரம்மா பேசுன ஆடியோல்லாம் அதுலதாம்பா இருந்துச்சு. பழைய ஃபோன்லேர்ந்து ஏத்துனது. வெளிய எடுத்துக் கேட்டுட்டு, திரும்ப உள்ள போட்டுருவேன். குப்பைல எவனும் கை வைக்கமாட்டான்னு நெனச்சேன்."

ரெகவரி சாஃப்ட்வேர் போட்டுப் பாத்தேன். ஒண்ணுகூட வரல.

"உடுப்பா"ன்னு டீயை என் பக்கம் நகத்தினாரு. "சிஸ்டம் இப்ப ஸ்பீடாதான் கீது."

திரும்ப எடுக்க வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க. 'பேக்கப் இல்லையா'ன்னு மட்டும் கேக்காதீங்க. அதையும் நான் அவர்கிட்ட கேட்டுத் தொலைச்சிட்டேன்.