நூகு வாங்கிய சைகோன் ஹெட்போன்

காரைக்கால் மரைக்காயர் வீட்டில் பிறந்தவன் கப்பலேறுவான். ஊர் வழக்கம் அது. நூகு விமானம் ஓட்டப் போகிறேன் என்றதுதான் புதிது. "கப்பல் கவுந்தா நீந்திக் கரையேறலாம் வாப்பா. இது கவுந்தா என்ன செய்யிறது?" என்று கேட்டாள் அவனுடைய உம்மா ஆஸியா பீவி. நியாயமான கேள்வி. பதில் தெரியாததால் அவன் சென்னைக்குப் போய் மீனம்பாக்கத்துப் பறக்கும் கிளப்பில் சேர்ந்துவிட்டான். காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த கடைசி வருஷங்கள் அவை.

விமானத்தில் ஆசிரியர் முன்னால், மாணவன் பின்னால். இரைச்சலில் அவர் பேச்சு கேட்க வேண்டுமானால் காதுக்கருவி வைத்த தோல்தொப்பி வேண்டும். கிளப்பில் பொதுத் தொப்பி ஒன்று இருந்தது. அதில் சென்னைப் பட்டணத்துத் தேங்காய் எண்ணெய் முழுவதும் ஊறியிருந்தது. "சொந்தமா ஒண்ணு வாங்கிக்கோ" என்றார் ஆசிரியர். மூர் மார்க்கெட்டில் பட்டாளத்துப் பழைய தொப்பிகள் குவியலாகக் கிடந்தன. காதுப்பக்கம் ரப்பர் குழாய் தொங்கியதைப் பார்த்ததும் நூகுவுக்குக் குமட்டியது. சோப்பு முதல் சென்ட் வரை சைகோன் சரக்காகவே பூசி வளர்ந்த உடம்பு, காதுக்கு மட்டும் மூர் மார்க்கெட்டா? சைகோனில் துணிக்கடை வைத்திருந்த மாமுவிடம் சொல்லிக் காரைக்கால் வீட்டுக்கு ஒரு ஹெட்போன் வரவழைத்து, அதை எடுக்க ஊருக்குப் போனான்.

வந்தது மகா அழகு. கறுப்புத் தோல், பளபளக்கும் வளையம், பட்டுநூல் சுற்றிய ஒயர், முனையில் பித்தளைச் சொருகி. போட்டால் உம்மா திட்டுவதுகூடக் கேட்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டே சென்னைக்குக் கிளம்பினான்.

திருநள்ளாற்றைத் தாண்டினால் இந்தியச் சுங்கச் சாவடி. பிரெஞ்சுக்காரன் ஊரான சைகோனிலிருந்து காரைக்காலுக்குத் தாராளமாக வரும் சரக்கு, அங்கே கடத்தல் சரக்கு. இந்தச் சின்ன விஷயம் நூகுவுக்குப் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதிகாரி சிவசுப்பிரமணியன் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. மறுபடி கேட்டார். அதுவும் விழவில்லை. அவர் முகம் இளகிவிட்டது. அருகில் வந்து கத்தினார்.

"காது மிஷினா தம்பி? பாவம்! எங்க வீட்டுலயும் இதே குறைதான். அவளுக்குச் சுத்தமா கேக்காது."

நூகு தலையை ஆட்டினான். வேறொன்றும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

மீனம்பாக்கத்தில் ஆசிரியர் அந்தப் பித்தளைச் சொருகியைப் புரட்டிப் பார்த்தார். "இதை எங்கே சொருகுறது? என் மூக்கிலயா?" என்றார். விமானத்தில் மின்சாரமும் இல்லை, வானொலியும் இல்லை. ஆசிரியர் வாயிலிருந்து மாணவன் காதுக்கு ஒரு ரப்பர் குழாய் போனது, அதுவும் குமட்டிய அதே குழாய். நூகு பொதுத் தொப்பியை மாட்டிக்கொண்டு பறந்தான். பறந்த பிறகு எண்ணெய் நாற்றமெல்லாம் தெரியவில்லை. தரையில் இருப்பதே அவனுக்கு வேலையற்ற வேலையாகிவிட்டது.

ஆனால் சாவடியைத் தாண்டும்போதெல்லாம் ஹெட்போனை மாட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. செவிடனாயிற்றே! சிவசுப்பிரமணியனும் விடவில்லை. திருநள்ளாற்றுக் கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்யப் பார்த்தார். நட்சத்திரம் என்னவென்று காதருகே கத்திக் கேட்டார். அவன் விழித்ததைப் பார்த்து, சுவாமி பெயருக்கே செய்துவிட்டார்.

கடைசியில் லைசென்ஸ் வரும் நேரம் வந்தது. பிரெஞ்சு எல்லைக்காரன் என்பதால் நடத்தை விசாரணை அந்தச் சாவடிக்கே போயிற்று. அதிகாரி மனமார எழுதினார்: நல்ல குணம், நல்ல குடும்பம், காதுதான் அறவே கேளாது. லைசென்ஸ் நின்றுவிட்டது.

காது கேட்கும் என்றால் நூகு கடத்தல்காரன். கடத்தல்காரன் இல்லை என்றால் செவிடன். "செவிடனாவே இரு வாப்பா. செவிடனுக்குப் பொண்ணு கொடுப்பாங்க, ஜெயிலுக்குப் போனவனுக்குக் கொடுக்க மாட்டாங்க" என்றாள் உம்மா. அவனுக்குப் பெண் வேண்டாம், லைசென்ஸ்தான் வேண்டும். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று சாவடிக்குப் போனான்.

வாயைத் திறக்குமுன் அதிகாரி ஹெட்போனைக் கழற்றினார். அவன் தலையைச் சாய்த்துப் பிடித்து ஒரு காதில் பூண்டுத் தைலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அப்போதுதான் மறு காதில் அது விழுந்தது: வெகு தூரத்தில், அவன் ஓட்டிய அதே வகை விமானத்தின் இரைச்சல். நூகு தன்னை மறந்து விருட்டென்று நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான். தைலம் சட்டையில் வழிந்தது. சாவடிக் காவல்காரர்களுக்கு விமானம் தெரியவே இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சிவசுப்பிரமணியன் வானத்தைப் பார்த்தார், நூகுவைப் பார்த்தார், கையிலிருந்த சீசாவைப் பார்த்தார்.

"கேட்டுருச்சா தம்பி? தைலம் வேலை செஞ்சிருச்சா!" அவர் கண்ணில் நீர் கொட்டியது. "அப்ப அவளுக்கும் கேக்கும்! இன்னிக்கே வீட்டுக்குக் கொண்டுபோறேன்!"

தலையை ஆட்டினால் போதும். செவிடும் போய், கடத்தலும் போய், லைசென்ஸ் கைக்கு வந்துவிடும். முன்பு ஒருமுறை ஆட்டியவன்தானே!

"சார், எனக்கு எப்பவுமே கேக்கும். அது காது மிஷின் இல்லீங்க. சைகோன் சாமான்."

அதிகாரி சீசாவின் வாயைத் துடைத்து மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு மூன்று தடவை அழுத்தினார். பிறகு, அவனிடம் முதல்முறையாகக் கத்தாமல் பேசினார்.

"அந்தச் சாமானை இங்க வெச்சிட்டுப் போங்க. காது நல்லா கேக்குதுன்னு எழுதிடுறேன்."