புதன்கிழமைப் பேப்பரில் ஒரு ஓட்டை

ரப்பர் ஷீட்டுக்கு ஒரு நாற்றம் உண்டு. புகையும் புளித்த பாலும் சேர்ந்த மாதிரி, மூக்கில் ஏறினால் லேசில் இறங்காது. கருங்கல் டவுனுக்குப் போகிற ரோட்டில் எங்கள் ஊர் லைப்ரரி ஒரு ஷீட் கடையின் மாடியில் இருந்ததால், அங்கிருந்த புத்தகம், நாற்காலி, சுவர்க் கடிகாரம், தண்ணீர்ப் பானை எல்லாவற்றுக்கும் அந்த நாற்றம்தான். வீட்டுக்குக் கொண்டுபோகிற புத்தகத்தை அம்மா வாசலிலேயே மோந்து பார்த்துவிட்டு, "இதை அரிசிப் பக்கம் கொண்டு வச்சிராத" என்பாள். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போதும் பஸ்ஸில் ஒரு ஷீட் கடையைத் தாண்டும்போது என்னையறியாமல் எழுந்து நின்றுவிடுவேன். அது ஆசையா பயமா என்று இந்த வயதிலும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நான் ஓரிடத்தில் இருக்கிற பிள்ளை இல்லை. சோறு தின்னும்போது பாதியில் எழுந்து நிற்பேன், ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து சுவரில் பல்லி எண்ணுவேன், தலை பின்னி முடிப்பதற்குள் அம்மாவுக்கு உயிர் போய் உயிர் வரும். "வெப்ராளம் பிடிச்ச சவம்" என்று என்னைச் சொல்வாள். பதற்றம், அவசரம், இருப்புக் கொள்ளாமை எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் பக்கத்தில் அந்த ஒரே சொல்தான், வெப்ராளம். "அனங்காம இரிட்டி!" என்று அசையாமல் இருக்கச் சொல்லும் சத்தத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. அப்படிப்பட்ட நான் பள்ளிக்கூடம் விட்டதும் மாடிப்படி ஏறி, தினமும் இரண்டு மணி நேரம் லைப்ரரியில் இருந்தேன் என்றால், அங்கே யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. மின்விசிறி ஒன்றுதான், அதுவும் கிறீச் கிறீச்சென்று அழும். ஆனால் அந்த மாடியில் யாரும் யாரையும் "எதுக்கு வந்தே?" என்று கேட்டதில்லை. சாயாக்கடையில் உட்கார்ந்தால் சாயா வாங்க வேண்டும், பெண்கள் அங்கே ஏறவே முடியாது. சர்ச் முற்றத்தில் உட்கார்ந்தால் போன ஞாயிற்றுக்கிழமை ஏன் காணவில்லை என்ற விசாரணை வரும். லைப்ரரியில் ஒரு தொந்தரவும் இல்லை. "அமைதி காக்கவும்" என்ற பலகைக்குக் கீழேயே இருந்துகொண்டு ஆண்கள் லாட்டரி ரிசல்ட்டைப் பார்த்துத் தலையிலடித்துக்கொள்வார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிற "அண்டியாபீஸ்" பெண்கள் ஐந்தரை மணி பஸ் வரும்வரை ஜன்னலோர பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டிருப்பார்கள். கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துப்போயிருக்கும், அதனால் அவர்கள் பேப்பரைத் தொடுவதில்லை. "மக்கா, எங்கயாவது வெட்டு குத்து உண்டான்னு வாசிச்சுச் சொல்லு" என்று என்னிடம் கேட்பார்கள், நானும் இல்லாத வெட்டு குத்தையும் சேர்த்து வாசிப்பேன். விமலா என்ற நூலகரை எல்லோரும் "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டோம். கையில் புத்தகமும் மூக்கில் கண்ணாடியும் இருந்தால் எங்கள் ஊரில் டீச்சர்தான்.

அங்கே தினமும் தவறாமல் வருகிறவர் தாசையன் மாமா. எனக்கு உறவில்லை, ஊரில் எல்லோருக்கும் மாமா. எதிர்த்த தையல் கடையில் காஜா எடுக்கிற வேலை, அதாவது சட்டைக்குப் பொத்தான் துளை போட்டு அதன் ஓரத்தை நூலால் கட்டுவது. கல்யாணம் கழிக்கவில்லை. அண்ணன் வீட்டுச் சுவரோடு ஒட்டி இறக்கிய சாய்ப்பில் படுக்கை. சாயங்காலம் அந்தச் சாய்ப்பில் அண்ணன் பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பார்கள் என்பதால் ஏழு மணிக்கு முன்னால் அவர் அங்கே போக முடியாது. நாலரைக்கு லைப்ரரி ஏறி, கடிகாரத்துக்குக் கீழே உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் வாசித்து, மடிப்பு கலையாமல் மடித்து வைப்பார். காஜாத் துளை கீறுவதற்கு ஒரு பிளேடு எப்போதும் சட்டைப் பையில் அட்டைக்குள் இருக்கும். பென்சில் சீவக் கேட்கிற பிள்ளைகளுக்குப் பிளேடை இரண்டாக ஒடித்துக் கொடுப்பார். எனக்கு ஒரு பாதி கிடைத்தது. மறுபாதி, கீழே உள்ள ஷீட் கடைக்காரரின் மகன் ஜெபாவுக்கு.

இனி அப்பாவைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வயரிங் வேலை. நல்ல வேலைக்காரர், ஆனால் வாரத்தில் மூன்று நாள் வேலை இருந்தால் அதிகம். துபாயோ சவுதியோ போய்விட்டால் நாலு வருஷத்தில் ஒரு டெரஸ் வீடு என்று அவருக்கு ஒரு கணக்கு. புதன்கிழமைப் பேப்பரில்தான் வெளிநாட்டு வேலை விளம்பரமெல்லாம் வரும். ஐந்து மணிக்கு லைப்ரரி வந்து, எலக்ட்ரீஷியன் வேண்டும் என்று இருக்கிற விலாசங்களை ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். அப்பா மட்டுமல்ல, பிளம்பர், கொத்தனார், டிரைவர் என்று பத்துப் பன்னிரண்டு பேர் அந்த ஒரு பக்கத்துக்காகக் காத்து நிற்பார்கள்.

என் கூடப் படித்த பிள்ளை ஒருத்தியின் அப்பா நாலு வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது, அவளுடைய தம்பி அவரைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "இது ஆரு?" என்று கேட்டானாம். அவள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா போகக் கூடாது. அவ்வளவுதான், வேறெந்த யோசனையும் எனக்கு இல்லை. பதினொரு வயதில் நான் கண்டுபிடித்த வழி இதுதான்: அந்தப் பக்கத்தை அப்பா பார்க்காவிட்டால் அப்பா போக மாட்டார்.

பள்ளிக்கூடம் லைப்ரரிக்கு அடுத்த காம்பவுண்ட். புதன்கிழமை மணி அடித்ததும் ஓடி, டீச்சர் பானையில் தண்ணீர் நிறைக்கக் கீழே போகிற நேரம் பார்த்து, புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்று, மாமா தந்த பாதிப் பிளேடால் எலக்ட்ரீஷியன் விளம்பரத்தை நேர்க்கோடாக வெட்டி இன்ஸ்ட்ரூமென்ட் பாக்ஸுக்குள் வைத்தேன். முதல் வாரம், யாரோ பொட்டலம் மடிக்கக் கிழித்திருப்பார்கள் என்றார்கள். இரண்டாம் வாரம் முணுமுணுப்பு. மூன்றாம் வாரம் எனக்கு எது எலக்ட்ரீஷியன், எது மற்றது என்று தேடப் பொறுமையில்லை, வெப்ராளம். பாதிப் பக்கத்தையே வெட்டிவிட்டேன்.

அன்றைக்குப் பார்த்து எல்லோரும் நேரத்தோடே வந்துவிட்டார்கள். பேப்பரைத் தூக்கிப் பிடித்தால் நடுவில் ஜன்னல் மாதிரி ஓட்டை, அந்தப் பக்கம் நிற்கிற ஆளின் முகம் தெரிகிறது. ஒரே சத்தம். டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்தச் சத்தத்துக்கு மேலே ஒரு குரல் எழும்பியது, அது என் அப்பாவின் குரல்.

"இது கையால கிழிச்சதில்ல, பாருங்க. பிளேடாக்கும். இங்க பிளேடும் கொண்டு நடக்கது ஆரு? தெனமும் முதல்ல பேப்பர் எடுக்கது ஆரு?"

எல்லோரும் கடிகாரத்துக்குக் கீழே பார்த்தார்கள். தாசையன் மாமா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து டீச்சரின் மேசையில் வைத்தார். "நான் இல்ல டீச்சரே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கையிலிருந்த தாளை மடிப்பு பார்த்து மடித்து வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனார். நான் ஜன்னலோர பெஞ்சில், மடியில் இன்ஸ்ட்ரூமென்ட் பாக்ஸோடு இருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுவரை என் வாழ்க்கையில் நான் அனங்காமல் இருந்தது அந்த ஒரு நேரம்தான்.

அதற்குப் பிறகு நான் வெட்டவில்லை. அதனால் குற்றம் அவர்மேல் இன்னும் உறுதியாகிவிட்டது. "பாத்தியா, ஆளு போன பெறகு ஓட்டை இல்லியே" என்று அப்பாவே வீட்டில் சொன்னார். டீச்சர் இரண்டு தடவை ஆள் விட்டுக் கூப்பிட்டார், தாசையன் மாமா வரவில்லை. நாலரை மணிக்கு லைப்ரரிக்கு எதிரே உள்ள கலுங்கில், அந்த ஓடைப் பாலத்தின் திண்டில், வந்து உட்காருவார். மழை பெய்தால் எழுந்து ஷீட் கடை இறவாணத்தில் ஒதுங்கி நிற்பார். ஏழு மணி ஆனதும் போய்விடுவார். ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் தெரியும். அண்டியாபீஸ் அக்காமார் வாசிக்கச் சொன்னால் எழுத்து கண்ணில் ஏறாது, ஒரு நாள் பாதியில் பேப்பரைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன், கலுங்குவரை போய், அவர் நிமிர்ந்து "என்ன மக்கா?" என்றதும், "ஒண்ணுமில்ல மாமா" என்று திரும்பி வந்துவிட்டேன். சீ, என்ன பிள்ளை நான்.

அப்பா எப்படிப் போனார் தெரியுமா? பேப்பரும் இல்லை, விளம்பரமும் இல்லை. மூன்று மாதத்தில் அம்மாவின் தாய்மாமன் மகன் ஒருவர் சவுதியிலிருந்து விசா அனுப்பினார், அப்பா திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிப் போனார். அந்தப் பக்கத்தை நான் வெட்டியிருந்தாலும் வெட்டாவிட்டாலும் ஒன்றுதான். ஒன்பது வருஷம் கழித்து டெரஸ் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒளியவில்லை, ஆனால் பேசுவதற்கும் ஒன்றுமில்லாமல் இருந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, எதற்கோ பழைய பேச்சு வர, அப்பாவிடம் முதல்முறையாகச் சொன்னேன், அது நான்தான் என்று. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "நீயா? அப்பவே உனக்கு வேலைத்தரம் கூடுதல்" என்றார், ஏதோ சின்னக் குறும்பு மாதிரி. பிறகு செல்போனில் என்னவோ வீடியோ பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்கு வந்ததே ஒரு கோபம்! அப்பாவின் மேலா, என் மேலா, தெரியவில்லை. மறுநாளே தாசையன் மாமாவைத் தேடிப் போனேன்.

அதே சாய்ப்பு. வயது எண்பதைத் தொடும், கண் மங்கல், காஜா வேலையை விட்டு வெகுகாலம். என்னை இன்னார் மகள் என்று சொல்லித்தான் தெரிந்தது. "மாமா, லைப்ரரி வரைக்கும் போவமா?" என்றேன். "எதுக்கு?" என்றார். "சும்மாதான்" என்றேன். வெளுத்த சட்டை ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

லைப்ரரி இப்போது ஷீட் கடை மாடியில் இல்லை. கொஞ்சம் தள்ளித் தரையோடு புதுக் கட்டிடம், டைல்ஸ் தரை, ஆறு மின்விசிறி, எந்த நாற்றமும் இல்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் நாற்காலிக்கு ஒரு பை வைத்து இடம் பிடித்து, காதில் இயர்போனோடு குனிந்திருந்தார்கள். பலகை சொன்னபடியே அமைதி. அண்டியாபீஸ் பூட்டிப் பல வருஷம் ஆயிற்று, ஜன்னலோர பெஞ்சும் இல்லை. பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக் கைமாற்றுகிற கூட்டமும் இல்லை. நாலு பேப்பர் மடிப்புக் கலையாமல் மேசையில் கிடந்தது. வெளிநாட்டு வேலையெல்லாம் இப்போது செல்போனிலேயே வந்துவிடுகிறது. கவுண்டரில் ஒரு சின்னப் பெண், டீச்சர் என்று கூப்பிட்டால் சிரித்துவிடுகிற வயது.

தாசையன் மாமா வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே கால் வைக்காமல், நிலையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஏறலாமா டீச்சரே?" என்று கேட்டார்.

அந்தப் பெண் எழுந்து வந்தாள். "வாங்க தாத்தா, உங்கள ஆரு வரக் கூடாதுன்னு சொன்னா?" என்றாள் சிரித்துக்கொண்டு.

"நான்தான்" என்றேன். படிக்கிற பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. புதன்கிழமை, பிளேடு, இன்ஸ்ட்ரூமென்ட் பாக்ஸ், அப்பா போகக் கூடாது என்று நினைத்தது, எல்லாவற்றையும் அந்த வாசலில் நின்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் மெதுவாக உள்ளே வந்து, கடிகாரம் எங்கே என்று தேடிப் பார்த்து, அதற்குக் கீழே உள்ள நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்காருவதற்குள், அதில் யாரோ வைத்திருந்த பையை அந்தப் பெண் ஓடிவந்து எடுத்துவிட்டாள். பேப்பரைக் கையில் எடுத்தவர், அதைப் பிரிக்காமல் என்னைப் பார்த்தார்.

"நான் ஷீட் கடைக்காரருக்க மகன் ஜெபான்னுல்லா நெனச்சேன், இத்தனை வருஷமும். அவனுக்க கல்யாணத்துக்குக்கூட போவல்லட்டி."

எனக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், கையைப் பிசைந்தேன், நாற்காலியைச் சுற்றி வந்தேன்.

"எப்பம் அடைப்பாவ?" என்றார்.

"ஏழு மணிக்கு மாமா."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேப்பரைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பினார். "அப்பம் அது வரைக்கும் அனங்காம இரிட்டி. நான் வாசிக்கணும்."

இருந்தேன்.