தோசைக்கல் வைத்த பார்

சொந்த வீடு வந்தது, என் பேச்சு போனது. கெபெக் மாகாணத்து லொங்குய்யில் நாங்கள் வீடு வாங்கிய கதையை இந்த ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

அதற்கு முன்னால், அறுபதுகளின் கடைசியில், ஆற்றுக்கு அக்கரை நகரத்தில், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். அங்கே அடுப்புக்கும் சோபாவுக்கும் கை நீட்டும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் குடும்பத்தோடு வருவார்கள். நான் தோசை வார்த்துக்கொண்டே எல்லோரோடும் சண்டை போடுவேன். வியட்நாம், இந்தி, நிலவில் மனிதன் கால் வைத்தது, வத்தக்குழம்பில் வெல்லம் போடலாமா கூடாதா என்று எதை எடுத்தாலும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. வேதியியல் படித்துவிட்டு ஆஸ்பத்திரி பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். நாள் முழுக்கச் சோதனைக் குழாய்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது மனிதர்களோடு வாதாட வேண்டாமா?

லொங்குய் வீட்டில் எல்லாம் பெரிசு. பேஸ்மென்டில் கம்பளம் விரித்து, பெரிய சோபா போட்டு, வந்த ஆண்களையெல்லாம் நேராகக் கீழே அழைத்துப் போய் உட்காரவைத்தார் என் கணவர். அடுப்பு மேலே. தோசை என்பது அடுக்கி வைத்துப் பரிமாறுகிற சமாசாரம் இல்லை. கல்லிலிருந்து நேராகத் தட்டுக்குப் போனால்தான் தோசை, ஐந்து நிமிஷம் போனால் வறட்டி. அதனால் முதல் ஆள் சாப்பிட உட்காருவதிலிருந்து கடைசி ஆள் ஏப்பம் விடுகிற வரை நான் மேலேயே நிற்பேன். நண்பர்களில் ஒருவர் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். அவர் மனைவி ஒவ்வொரு தோசையாக எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடுவாள். என்னைப் போலவே குள்ளம், ஆனால் வாயே திறக்கமாட்டாள். எல்லாம் முடிந்து பெண்கள் நாங்கள் கீழே போகும்போது ஆண்கள் கை கழுவிக்கொண்டிருப்பார்கள்.

"எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?" என்று கேட்பேன்.

"அது ஒண்ணுமில்ல, விடு" என்பார் என் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிரித்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், சமையலறைத் தரையில் சூடான காற்று வருவதற்கு ஒரு துளை இருந்தது. கீழே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸிலிருந்து தகரக் குழாய் வழியாகக் காற்று வரும், கூடவே பேச்சும் வரும். பேராசிரியரின் குரல் முழுசாக வரும், மற்றவர்களுடையது பாதிதான் வரும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கரண்டியோடு குனிந்து அந்தத் துளைக்குள், "அது தப்பு!" என்று கத்தினேன். உடனே கீழேயிருந்து யாரோ, "மேலிடத்து உத்தரவு!" என்றார். அதற்கும் ஒரு பெரிய சிரிப்பு. நான் இல்லாமல்தான்.

எழுபத்தைந்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, பக்கத்து வீட்டு கெபெக் அம்மாள் எங்களைக் கூப்பிட்டாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டு பேஸ்மென்டில் பார் இருந்தது. சிவப்பு ரெக்சின் ஒட்டி, பின்னால் கண்ணாடி பதித்து, முன்னால் நாலு உயரமான ஸ்டூல் போட்டிருப்பார்கள். அவள் வீட்டிலும் அப்படித்தான். கண்ணாடிக் கோப்பைகள் எனக்கு முக்கியமில்லை. அவள் நின்ற இடத்தைத்தான் பார்த்தேன். பாருக்குப் பின்னால் நின்று அவள் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், அத்தனை பேரும் அவளைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் ஏதோ சொன்னதும் அவள் புருஷன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான், எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். பரிமாறுகிறவள் நடுவில் இருக்கிறாள்! எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது, வெளிப்படையாகச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன், நமக்கு ஒரு பார் வேண்டும் என்று.

"நம்ம கூட்டத்துல ரெண்டு பேர் விஸ்கி குடிப்பாங்க, அதுவும் பொண்டாட்டி பார்க்காதப்போ. பார் எதுக்கு?" என்றார் அவர்.

"தோசைக்கு."

என் கணவர் பாலம் கட்டுகிற பொறியாளர். எதையும் படம் வரைந்தால்தான் நம்புவார். வரைய ஆரம்பித்ததும் அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. ஒரு லாரி ஏறினாலும் தாங்குகிற மாதிரி சட்டங்களைப் போட்டார். வெளிப்பக்கம் விருந்தாளிகளின் தட்டு வைக்க உயரமான மேப்பிள் பலகை, உள்பக்கம் தாழ்வாக ஒரு பலகைத் தட்டு. அந்தத் தட்டில் ஒரு பள்ளம், பள்ளத்துக்கு ஓடு பதித்து அதில் மின்சார ஹாட் பிளேட், அதன்மேல் தோசைக்கல். அதற்கென்று தனி மின்கம்பி இழுக்க ஆள் வந்தான். மரத்தை நான்தான் அறுத்தேன். குளிர்காலம் முழுக்கச் சனி ஞாயிறுகளில் ஸ்வெட்டருக்கு மேல் அவருடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, மின்ரம்பத்தோடு பேஸ்மென்டில் நின்றேன். முதல் பலகை கோணலாகப் போனது, இரண்டாவது கொஞ்சம் தேவலை. மூன்றாவதில் கை பழகிவிட்டது.

சட்டங்களை நிறுத்தியதும் உள்ளே போய் நின்று பார்த்தேன். ஐந்தடி உயரத்தில் பாருக்குப் பின்னால் நின்றால் என் மூக்குக்கு மேலேதான் வெளியே தெரிந்தது.

"உள்ளே ஒரு மேடை போடணும்" என்றேன்.

"பாருக்குள்ள மேடையா? நீ தோசை வார்க்கப்போறியா, கூட்டத்துல பேசப்போறியா?"

"ரெண்டும்தான்."

மேடை வந்தது. உள்பக்கத் தட்டை அதற்கேற்ப உயர்த்தினோம். என் கணவர் பரிசோதிக்கிறேன் என்று மேடையில் ஏறினார், கூரையையொட்டிப் போகிற தகரக் குழாயில் தலை ணங்கென்று இடித்தது. அவர் மட்டுமில்லை, எங்கள் கூட்டத்து ஆண்கள் யாரும் அந்த மேடையில் நிமிர்ந்து நிற்க முடியாது. அதை மாற்றலாமா என்று கேட்டார். மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இதற்குள் விஷயம் மெட்ரோ ஏறி ஆற்றுக்கு அக்கரைக்கும் போய்விட்டது. "உங்க வீட்ல பார் கட்டறீங்களாமே?" என்று தொலைபேசியில் துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்கள். "ஆமா, அடுத்த ஞாயிறு மத்தியானம் எல்லாரும் வாங்க" என்றேன்.

சனிக்கிழமை ஒத்திகை. ஃபர்னேஸ் பக்கத்தில் வைத்த மாவு நன்றாகப் பொங்கியிருந்தது. கல்லை வைத்து மாவை ஊற்றினேன். அது ஒரு பக்கமாக ஓடி, இலங்கை வரைபடம் மாதிரி வழிந்து நின்றது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் கல் சாய்ந்திருக்கிறது. பாலம் கட்டுகிறவர் கல்லின் வட்டத்தை அளந்திருந்தார், நானும் அந்த வட்டத்தைத்தான் அறுத்திருந்தேன். கல்லுக்குக் காது இருக்கிறது என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்! பிடிப்பதற்கு இருக்கிற அந்த ஒற்றை இரும்புக் காது பள்ளத்தின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் பழையபடி மேலேயே வார்த்துடேன்" என்றார் அவர், நல்லெண்ணத்தோடுதான்.

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. உளியை எடுத்தேன். பதித்த ஓட்டைப் பெயர்த்து, பலகையில் கல்லின் காதுக்கு இடம் செதுக்கி, ஓரத்துக்குத் தகரம் அடித்தேன். விரலில் ரத்தம் வந்தது, வாயில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். சாயங்காலம் கல் சமமாக உட்கார்ந்தது. ஊற்றிய மாவு வட்டமாக நின்றது. நான் குதித்தேன், அவர் கை தட்டினார்.

ஞாயிறு மத்தியானம் நாலு குடும்பம் வந்தது. கீழே இறங்கியவர்கள் முதலில் தேடியது பாட்டிலை. இருந்தது, கீழ்த்தட்டில், மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில். பெண்கள் வழக்கம்போல மேலே போகப் பார்த்தார்கள். "அங்கே ஒண்ணுமில்ல, எல்லாம் இங்கேதான்" என்றேன். மேடையில் ஏறி நின்றேன். முதல் மாவு கல்லில் விழுந்து சொய்யென்றதும் அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நான் திரும்பி வந்துவிட்டேன் என்று தோன்றியது.

இந்தியாவில் நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த நேரம் அது. பேராசிரியர் ஸ்டூலில் உட்கார்ந்து தட்டை நீட்டியபடி ஆரம்பித்தார். "என்ன சொன்னாலும், இப்போ ரயிலெல்லாம் நேரத்துக்கு வருது. ஆபீஸ்ல ஆள் இருக்காங்க. நம்ம ஜனங்களுக்கு இதுதான் சரி."

"ரயில் நேரத்துக்கு வருது, சரி. அதுல உட்கார்ந்து வாயைத் திறந்து பேச முடியுதா?" என்று கேட்டேன்.

"அது வேற விஷயம்..."

"அதேதான் விஷயம்." அவருடைய தோசை வெந்துவிட்டது. தோசைத் திருப்பியில் எடுத்து, அவர் தட்டுக்கு ஒரு சாண் மேலே நிறுத்திக்கொண்டேன். "பதில் சொல்லுங்க, தோசை ஆறுது."

பேஸ்மென்டே அதிர்ந்தது. என் கணவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேராசிரியர் தோசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கொஞ்சம் யோசிக்கணும்" என்றார். அவரிடமிருந்து நான் அதற்கு முன் கேட்டறியாத வார்த்தை. தோசையைப் போட்டேன்.

அப்போது என் முந்தானையை யாரோ இழுத்தார்கள். பேராசிரியரின் மனைவி பாருக்குள் வந்து மேடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க போய் உட்காருங்க. ரெண்டு தோசை நான் வார்க்கறேன்."

"பரவாயில்ல, எனக்கு..."

"இறங்குங்க" என்றாள். இறங்கினேன்.

அவள் ஏறினாள். கல்லில் தண்ணீர் தெளித்தாள், மாவை ஊற்றி நிதானமாகத் தேய்த்தாள், ஓரத்தில் எண்ணெய் விட்டாள். பிறகு நிமிர்ந்து, நேருக்கு நேர் தன் கணவரைப் பார்த்துக் கேட்டாள்: "என்னங்க, ஊர்ல உங்க தம்பி கடிதத்துலகூட எதையும் எழுதப் பயந்து பேசாம இருக்கானேன்னு போன வாரம் வீட்ல அழுதீங்களே. இங்கே வேற மாதிரி சொல்றீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் தட்டை மெல்லக் கீழே வைத்தார். "ஆமா" என்றார். "பயமாத்தான் இருக்கு." அதற்குப் பிறகு அவர் பேசியதுதான் நான் கேட்ட அவருடைய முதல் நல்ல பேச்சு. அவளும் விடாமல் நடுநடுவே கேட்டுக்கொண்டே தோசையைத் திருப்பினாள்.

அந்தத் தோசை என் தட்டில் விழுந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, விரல் சுடச்சுடப் பிய்த்து, மிளகாய்ப்பொடியில் தோய்த்துச் சாப்பிட்டேன். சொந்த வீடு வாங்கிய பிறகு விருந்து நாளில் நான் சாப்பிட்ட முதல் சூடான தோசை அது. எங்கள் பேச்செல்லாம் தகரக் குழாய் வழியாக மேலே சமையலறைக்குப் போயிருக்கும். கேட்க அங்கே யாரும் இல்லை.