ராஜா வட்டி கட்டிய உயிர்

பெற்ற பிள்ளையையும் கட்டினவனையும் ஒரே குளிர்காலத்தில் பறிகொடுத்துவிட்டு, மார்பில் பால் கட்டி வலிக்க வலிக்க, சவாய் மலையிலிருந்து ஜெனிவாவுக்கு நடந்தே வந்தவள் பிலிபெர்த். கடிகார வியாபாரி ஒருவர் வீட்டில் புதிதாய்ப் பிறந்திருந்த ஜுதித்துக்குப் பால் கொடுக்க அவளை அமர்த்தினார்கள். பால் மறந்ததோடு அறுந்திருக்க வேண்டிய உறவு. அறுந்துபோகவில்லை. பெற்றவளுக்குப் பிரசங்கம் கேட்கவும் விருந்துக்குப் போகவுமே பொழுது சரியாக இருந்ததால், பிள்ளை இவள் இடுப்பிலேயே வளர்ந்தது.

ஜுதித்துக்கு நாலு வயதில் அம்மை கண்டது. பிழைத்துக்கொண்டாள். பிழைத்த பிறகுதான் வினையே வந்தது. தலையில் பொய்முடி வைத்த வைத்தியர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். சந்தையில் கன்றுக்குட்டியைப் பார்க்கிற மாதிரி பல்லைப் பார்த்தார்கள், முதுகைத் தட்டினார்கள், பாட்டி எத்தனை வயதில் செத்தாள் என்று கேட்டார்கள். ஊரில் இப்படிப் பொறுக்கி எடுத்த முப்பது பெண் குழந்தைகளில் ஜுதித்தும் ஒருத்தி ஆனாள். எதற்கு என்று பிலிபெர்த்துக்கு விளங்கவில்லை. எஜமானரிடமே கேட்டாள்.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். பிரான்ஸ் ராஜா கடல் தாண்டிச் சண்டைக்குப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். பிரபுக்களிடம் வரி கேட்கவோ துணிச்சல் இல்லை. அதனால் கடன், அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன். கடன் கொடுப்பவர் யாராவது ஒருவர் பெயரைச் சொன்னால் போதும், அந்த ஆள் உயிரோடு இருக்கிறவரை வருஷா வருஷம் பணம் வரும். கிழவன் பெயரைச் சொன்னாலும் குழந்தை பெயரைச் சொன்னாலும் ஒரே வட்டி. ராஜாவின் கஜானாவில் உட்கார்ந்திருந்தவர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள்! ஜெனிவாக்காரர்கள் சும்மா விடுவார்களா? மறுபடி அம்மை வராது, நெடுநாள் இருப்பார்கள் என்று, அம்மை கண்டு பிழைத்த பெண் குழந்தைகளாகப் பார்த்து, அவர்கள் பெயரில் ஊர்ப் பணத்தையெல்லாம் ராஜாவிடம் போட்டுவிட்டார்கள்.

"அப்போ இவ சாகணும்னு அந்த ராஜா வேண்டிக்குவாரா, ஐயா?" என்றாள் பிலிபெர்த். எஜமானர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் ஜுதித் தும்மினால் ஊருக்கே ஜலதோஷம். அவள் பெயரில் பணம் போட்ட, முன்பின் தெரியாத விதவைகள் வீதியில் நிறுத்தி, பிள்ளை காலையில் என்ன சாப்பிட்டாள் என்று விசாரிப்பார்கள். இருமல் என்றால் அரைமணியில் வைத்தியர் வண்டி வாசலில் நிற்கும். பனியில் சறுக்கக் கூடாது, மரம் ஏறக் கூடாது. எல்லோரும் தன்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள் என்று குழந்தை நம்பியது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க பிலிபெர்த்துக்கு மனசு வரவில்லை.

இதெல்லாம் எத்தனை நாளைக்கு? வட்டி கட்டியே ராஜாவின் கஜானா வற்றியது. வேறு வழியில்லாமல் வரி போட நாட்டு ஜனங்களையே சபைக்குக் கூப்பிட்டார். வந்தவர்கள் கணக்குக் கேட்டார்கள். ரொட்டி விலை ஏறிக் கிடந்த வருஷம் வேறு. கேள்வி கலகமாகி, கலகம் புரட்சியாகி, கடைசியில் ராஜாவின் தலையே உருண்டது. ஜெனிவாவுக்குப் பணத்துக்குப் பதிலாகக் காகிதம் வந்தது, அப்புறம் அந்தக் காகிதமும் செல்லாக்காசாயிற்று. எஜமானர் வெள்ளிச் சாமான்களை விற்றார், சமையல்காரியை நிறுத்தினார். பிலிபெர்த்தையும் ஊருக்குப் போகச் சொன்னார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, வழக்கம்போல அடுப்பு மூட்டப் போனாள். சம்பளப் பேச்சை அதற்கப்புறம் இரண்டு பேருமே எடுக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஜுதித்துக்குக் கடுங்காய்ச்சல். பதின்மூன்று வயது. பிலிபெர்த் பனியில் ஓடி வைத்தியர் கதவைத் தட்டினாள். பழைய பாக்கி இருக்கிறது என்று வேலைக்காரனை விட்டுச் சொல்லி அனுப்பினார் அந்த மகராசன். திரும்பும் வழியில் ஒரு விதவையும் எதையும் விசாரிக்கவில்லை. எதிரே வந்தவள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஜுதித் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கஞ்சியைத் தொடவில்லை. ஊட்டப்போனால் வாயை இறுக மூடிக்கொண்டாள். அப்பா பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது.

"பிலி, இனிமே பணம் வராதாமே."

"வராட்டிப் போகுது. வாயைத் திற."

"அப்போ நான் செத்தா யாருக்கும் நஷ்டமில்லை, இல்லியா?"

பிலிபெர்த் கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். அவ்வளவு வருஷமாக அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது, ராஜாமேல், வைத்தியர்கள்மேல், அந்த விதவைகள்மேல். குழந்தையின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"எனக்கு நஷ்டம்டி. ஒண்ணை மண்ணுல போட்டுட்டுத்தான் உன்கிட்ட வந்தேன். இன்னொண்ணு போச்சுன்னா நான் தாங்க மாட்டேன்."

ஜுதித் தானாகவே எழுந்து உட்கார்ந்து, கஞ்சிக் கிண்ணத்துக்காகக் கையை நீட்டினாள்.